ரிமோட் டெஸ்க்டாப்: ‘தொலைத்திரை’ என்று சொல்லலாமா?

வணக்கம்.

வேறிடத்தில் உள்ள கணினியை இங்கிருந்தே இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு, நம் கலைச்சொல் உரையாடலில் நேற்று வந்த ‘தொலை மேசைமுகப்பு’ என்ற சொல்லை நாலைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நீளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். டெஸ்க்டாப் என்பதற்கு வைத்த ‘மேசைமுகப்பு’தான் எனக்கு இடிக்கிறது.

நான் நீலகிரியில், கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) இருக்கிறேன். பச்சைத்தேயிலைக் கணக்கு இருக்கும் கணினி குன்னூர் அலுவலகத்தில். ஐப்பசி மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால், வீட்டிலிருந்தே அந்தக் கணினிக்குள் போய் வேலை பார்ப்போம். ஒருமுறை, என்னோடு வேலை பார்க்கும் தம்பியிடம், “எடைப் பட்டியலை மேசைமுகப்பில் போட்டு வை” என்றேன். அவன் போட்டது அலுவலகக் கணினியில். மறுநாள் தேடியது தன் மடிக்கணினியில். பட்டியல் அழிந்துவிட்டது என்று பயந்துபோய், ராத்திரி முழுக்க உட்கார்ந்து அத்தனை வரியையும் திரும்பத் தட்டினான். இரண்டு மேசைமுகப்பு இருப்பதை அந்தச் சொல் அவனுக்குக் காட்டவே இல்லை.

உண்மையில் நம்மிடம் வந்து சேர்வது பெரும்பாலும் திரைதான். நாம் தட்டும் விசையும் சுட்டியின் அசைவும் அங்கே போகின்றன, அங்கே திரையில் எது மாறுகிறதோ அது இங்கே வருகிறது. நிரல் ஓடுவதும் கோப்பு இருப்பதும் அங்கேயே. மழைநாளில் இணைப்பு இழுக்கும்போது பின்னணிப் படத்தை எடுத்துவிட்டு நிறங்களைக் குறைத்தால் வேகம் கூடுகிறதே, அதுவும் இதனால்தான்.

ஆகவே ‘தொலைத்திரை’. தொலைவில் உள்ள காட்சி தொலைக்காட்சி என்றால், தொலைவில் உள்ள கணினியின் திரை தொலைத்திரை. டிவியோடு குழம்பும் என்பீர்கள். டிவியின் திரையை நாம் டிவி திரை என்றுதானே சொல்கிறோம்?

ஆங்கிலத்தில் டெஸ்க்டாப் இருக்கிறதே என்ற வாதமும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. விண்டோஸ் 2000-இல் இதற்குப் பெயர் டெர்மினல் சர்வீசஸ். 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பியோடுதான் ரிமோட் டெஸ்க்டாப் என்ற பெயர் பரவலானது. இதே வேலையைச் செய்ய 1998-இல் வெளிவந்த விஎன்சி என்ற மென்பொருளின் பெயரில் மேசையே கிடையாது.

அப்புறம், இந்த இணைப்பை முடிக்கும் டிஸ்கனெக்ட், லாக் ஆஃப் என்ற இரண்டு கட்டளைகளையும் தமிழில் ‘வெளியேறு’ என்றே எழுதிவருகிறோம். முன்னதில் நிரல்கள் அங்கே ஓடிக்கொண்டிருக்கும், பின்னதில் மூடிவிடும். முன்னதைத் ‘திரை விலக்கு’ என்று வைத்து, ‘வெளியேறு’ என்பதைப் பின்னதற்கு மட்டும் ஒதுக்கலாமா? தொலைத்திரையை ஏற்றால் இதுவும் இயல்பாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.