கூலன்ட் டப்பாவுல எண்ணெய், ஆயில்ல கேப்பைக் கூழ்: ஹெட்டை இறக்கச் சொல்றாங்க, இறக்கலாமா?

உச்சிப்புளி டிரைவர்

அண்ணன்மாருக்கு வணக்கம். ஏழு சீட்டு டீசல் வண்டி, 2014 மாடல், 2,38,000 கிலோமீட்டர். ஓனரும் நான்தான், டிரைவரும் நான்தான். ராமேஸ்வரம் லாட்ஜுல ஆள ஏத்தி அரிச்சல்முனை, அங்கேருந்து கோயில், வாரத்துல ரெண்டு நாள் மதுரை ஏர்போர்ட். வண்டி கம்பெனி பேரு வேணாம், வண்டி மேல எனக்குக் கோவம் இல்ல.

மூணு வாரமா கூலன்ட் எறங்குது. கீழ ஒரு சொட்டு கிடையாது. ராத்திரி வண்டிக்கடியில அட்டைப் பெட்டிய விரிச்சுப் போட்டுப் பாத்தேன், காலையில அட்டை காஞ்சு கெடக்கு. மொத்தத்துல ஒன்றரை லிட்டர் ஊத்திருப்பேன். முந்தாநாள் டப்பா மூடியத் தொறந்தா, மீன் கொழம்பு ஆறினப்புறம் மேல எண்ணெய் நிக்குமே, அந்த மாதிரி கறுப்பா ஒரு ஏடு. விரல விட்டா வழவழன்னு இருக்கு.

உடனே ஆயில் அளவு பாக்குற கம்பிய உருவிப் பாத்தேன். மேக்ஸ் கோட்டுக்கு மேல ஒரு விரக்கடை ஏறி நிக்குது. ஆயில் ஊத்தாம ஆயில் ஏறுனா தண்ணி கலக்குதுன்னு எனக்கும் தெரியும். கலரு கறுப்பும் இல்ல, பால் கலரும் இல்ல, கேப்பைக் கூழ் கலரு.

நம்ம பக்கத்து மெக்கானிக் பானட்டத் தொறந்த மூணாவது நிமிசமே "ஹெட் கேஸ்கெட் போச்சு, ஹெட்ட இறக்கணும், லேத்துல ஃபேசிங், போல்ட், கேஸ்கெட், கூலி எல்லாம் சேத்து 45,000, எட்டு நாள்"னு சொல்லிட்டாரு. (ஹெட்னா எஞ்சினோட மேல் பாகம், கேஸ்கெட்னா அதுக்கும் கீழ இருக்குற பிளாக்குக்கும் நடுவுல அடைக்கிற தகடு.) ஆடி அமாவாசைக்கு இன்னும் 12 நாள்தான் இருக்கு. எனக்கு வருசத்துல பெரிய சம்பாத்தியமே ஆடி, தை ரெண்டு அமாவாசைதான்.

என்னைக் குழப்புறது இதுதான்: வண்டி ஒருநாளும் சூடு ஏறல. முள்ளு நடுவுல இருந்து அசையல. வெள்ளப் பொகை இல்ல. காலையில ஒரே செல்ஃபுல ஸ்டார்ட். பாம்பன் பாலத்துல ஏழு பேரோட ஏறும்போதும் இழுவை குறையல. கேஸ்கெட் போன வண்டி இப்படியா ஓடும்?

பரமக்குடி 2 ஸ்ட்ரோக்

ரேடியேட்டர் லீக் அடைக்கிற பவுடர் ஒரு டப்பா வாங்கிப் போடுங்க ப்ரோ. முந்நூறு ரூபாயில முடிஞ்சுரும். எங்க மாமா போட்டு ரெண்டு வருசமா ஓட்டுறாரு.

கீழக்கரை டீசல்

தம்பி, அந்தப் பவுடர மட்டும் போட்டுராதீங்க. ஓட்டைய அடைக்குதோ இல்லையோ, ஆயில் கூலருக்குள்ள இருக்குற மெல்லிசு வழிய அடைச்சுரும். அப்புறம் நெசமாவே சூடு ஏறும்.

ஷார்ஜாவுல 11 வருசம், ஊருக்கு வந்து 9 வருசம், டீசல் மட்டும்தான் என் வேலை. நீங்க எழுதுனதுல எனக்கு முக்கியமாத் தெரியுறது ஆயில்ல தண்ணி சேந்தது இல்ல, தண்ணியில ஆயில் சேந்தது. ரெண்டு பக்கமும் கலந்திருக்கு, ஆனா கம்ப்ரஷன்ல ஒரு குறையும் இல்ல. இதுக்கு நான் மொதல்ல கை வைக்கிற எடம் ஹெட் இல்ல, ஆயில் கூலர்.

உங்க எஞ்சின்ல ஆயில் ஃபில்டர் உக்காந்திருக்குற ஹவுசிங்கோட ஒட்டி ஒரு அலுமினியத் தட்டுக்கட்டு இருக்கும். அப்பளத்த அடுக்குன மாதிரி. ஒரு தட்டு இடுக்குல ஆயில் போகும், அடுத்த இடுக்குல கூலன்ட் போகும். நடுவுல இருக்குறது மெல்லிசுச் சுவருதான். அந்தச் சுவருல ஊசி நுழையுற ஓட்டை விழுந்தாப் போதும், இல்ல ஹவுசிங்குக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்குற ரப்பர் சீல் காஞ்சு வெடிச்சாலும் போதும்.

இப்ப கணக்கப் பாருங்க. வண்டி ஓடும்போது ஆயில் பிரஷர் 3, 4 பார் இருக்கும். கூலன்ட் பக்கம் டப்பா மூடி தாங்குறதே 1 பார் சொச்சம். பலசாலி ஆயில்தான், அதனால ஆயில் தண்ணிக்குள்ள போகும். அதான் உங்க டப்பாவுல ஏடு. எஞ்சின நிறுத்துன நிமிசம் ஆயில் பிரஷர் பூஜ்யம். ஆனா தண்ணி சூடா, அதே அழுத்தத்தோட அரைமணி, ஒரு மணி நேரம் நிக்கும். அப்ப தண்ணி ஆயிலுக்குள்ள எறங்கும். அரிச்சல்முனையில கூட்டத்த எறக்கிவிட்டு வெயில்ல நிறுத்துறீங்க, கோயில் வாசல்ல நிறுத்துறீங்க, லாட்ஜுல நிறுத்துறீங்க. ஒரு நாளைக்கு எத்தனை தடவ சூட்டோட நிறுத்துறீங்களோ அத்தனை தடவ தண்ணி எறங்குது.

ஹெட் கேஸ்கெட்டா இருந்தா பெரும்பாலும் வேற குணம் காட்டும். காலையில ஆறின வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிசத்துல மேல் ஓஸ அமுக்கிப் பாருங்க. எஞ்சின் சூடாகுறதுக்கு முன்னாடியே ஓஸு கல்லு மாதிரி ஆனா எரிஞ்ச காத்து தண்ணிக்குள்ள வருதுன்னு அர்த்தம். டப்பாவுல விடாம காத்து முட்டை விடும். நீலத் தண்ணி டியூப் ஒண்ணு இருக்கு, டப்பா வாயில வெச்சு அதோட ரப்பர் பல்ப அமுக்கி காத்த உள்ள இழுத்தா, எரிஞ்ச காத்து பட்டதும் கலரு மாறும். டீசல்ல அது கொஞ்சம் மந்தமாத்தான் மாறும், பொறுமையாப் பாக்கணும். ஆனா ஒரு எச்சரிக்கை: கேஸ்கெட்டு ஆயில் வழிக்கும் தண்ணி வழிக்கும் நடுவுல மட்டும் விட்டுக்கொடுத்தா பொகையும் இருக்காது, முட்டையும் இருக்காது. அதனால கூலர்தான்னு நான் இங்கேருந்து சத்தியம் பண்ண மாட்டேன். சோதிச்சுட்டு எறங்குங்கன்னுதான் சொல்றேன்.

சோதனை இதுதான். எஞ்சின் ஆறி இருக்கணும். டப்பா மூடி எடத்துல கை பம்ப மாட்டி, மூடியில என்ன போட்டிருக்கோ அந்த அழுத்தம், அதுக்கு மேல வேணாம். ஆயில் ஃபில்டர் கிண்ணத்தக் கழட்டி வெச்சுட்டு டார்ச் அடிச்சு அந்தக் குழிக்குள்ள பாத்துக்கிட்டே இருங்க. அரைமணியாவது விடணும். அந்தக் குழியில கூலன்ட் ஊறி வந்தா கூலர், இல்ல அதோட சீலு. அங்க ஒண்ணும் வராம பம்ப் முள்ளு மட்டும் எறங்குனா, ஹீட்டர் பிளக் நாலையும் கழட்டி பிஸ்டன் மேல ஈரம் இருக்கான்னு பாருங்க, அப்புறம் சம்ப்ப, அதாவது எஞ்சினுக்கு அடியில இருக்குற ஆயில் தொட்டிய எறக்கிட்டு எந்தப் பக்கத்துல இருந்து சொட்டுதுன்னு கீழ இருந்து பாருங்க. அதுக்கப்புறம்தான் ஹெட்டப் பத்திப் பேச்சு.

ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. டப்பாவுல இவ்வளவு நாளா என்ன தண்ணி ஊத்துனீங்க?

உச்சிப்புளி டிரைவர்

பாய், குட்டு வெளிப்பட்டுப் போச்சு. போன வருசம் நான் ஆறு மாசம் கால் ஒடஞ்சு படுத்திருந்தேன். வண்டிய மச்சான்தான் ஓட்டுனான். அவன் ஊத்துனது எங்க வீட்டு போர் தண்ணி. காவிரித் தண்ணி எங்க தெருவுக்கு வர்ற நாள்ல குடத்த வரிசையில வெச்சுப் புடிச்சாத்தான் குடிக்கப் பத்தும், அதக் காருக்கு ஊத்துனா வீட்டுல சோறு போட மாட்டாங்க. போர் தண்ணியோ வாயில வெச்சா கடல் தண்ணிக்குத் தம்பி. பாத்திரம் கழுவி வெயில்ல வெச்சா வெள்ளையாப் பூக்கும். அந்தப் பூ எஞ்சினுக்குள்ளயும் பூத்திருக்கும்னு இப்பத்தான் மண்டையில ஒறைக்குது.

ஓஸு காலையில அமுக்கிப் பாத்தேன். மெத்துன்னுதான் இருக்கு. முட்டை இல்ல.

மண்டபம் போட் மெக்கானிக்

கார் எனக்கு அவ்வளவாத் தெரியாது. ஆனா உப்பும் எஞ்சினும்னா நான் பேசலாம். ஜூன் 14 ராத்திரியோட மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு விசைப்படகெல்லாம் கடலுக்குப் போயாச்சு, அந்த 61 நாள்ல நான் தூங்குனதே கம்மி, இப்பத்தான் ஃபோனக் கையில எடுக்குறேன்.

போட்டுல கடல் தண்ணிய உள்ள இழுத்துத்தான் எஞ்சின் தண்ணிய ஆத்துறோம். உப்பு திங்கட்டும்னே ஜிங்க் துண்டு ஒண்ண அதுக்குள்ள மாட்டி வெப்போம். ஜிங்க் தீர்ந்தத கவனிக்காம விட்டவன் கூலர் குழாயக் குடுத்துருவான். உன் கார்ல தின்னக் குடுக்க ஜிங்க் கிடையாது, உப்பு நேரா அலுமினியத்தத்தான் திங்கும்.

ஆயில்ல தண்ணி இருக்கான்னு சந்தேகமே வேணாம்னா, பழைய தோசைக்கல்லு ஒண்ண அடுப்புல வெச்சு, கம்பியில இருக்குற ஆயில் ரெண்டு சொட்டு விடு. தண்ணி இருந்தா தாளிக்கிற கடுகு மாதிரி படபடன்னு வெடிக்கும். சுத்த ஆயில் சும்மா பொகையும். கல்லு வீட்டுக் கல்லா இருக்கக் கூடாது, எனக்கு அனுபவம் இருக்கு.

இன்னொண்ணு: வண்டி ஒரு ராத்திரி நின்னப்புறம் சம்ப் போல்ட்ட முழுசாக் கழட்டாம மெதுவா தளர்த்து. தண்ணி கனம், அடியில நிக்கும். ஆயிலுக்கு முன்னாடி தண்ணி சொட்டுனா எவ்வளவு கலந்திருக்குன்னு கண்ணாலயே தெரியும். ஒரு கண்ணாடி கிளாஸுல புடி.

முக்கியமா, இனிமே அந்த வண்டிய ஸ்டார்ட் பண்ணாத. தண்ணி கலந்த ஆயில் பேரிங்குல நிக்காது, வழுக்கிட்டுப் போயிரும். கூலருக்கு ஆகுற காசு வேற, கிராங்குக்கு ஆகுற காசு வேற.

தங்கச்சிமடம் ஸ்கூட்டி அக்கா

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க பெட்ரோல் காருல ஆயில் ஊத்துற மூடிக்கு அடியில வெண்ணெய் மாதிரி ஒட்டியிருக்கு. கம்பியில ஆயில் சுத்தமா இருக்கு. இதுவும் அதேதானா? பயமா இருக்கு.

கீழக்கரை டீசல்

அக்கா, வண்டி தினம் எவ்வளவு ஓடுது? பாப்பாவ ஸ்கூலுக்கு விட்டுட்டு வர்ற ரெண்டு கிலோமீட்டரா இருந்தா, எஞ்சின் முழுச் சூடு ஏறாம ஈரம் மூடியில படியும். துடைச்சுட்டு ஒருநாள் ராமநாதபுரம் போயிட்டு வாங்க. கூலன்ட் மட்டம் எறங்காம, மறுபடி படியாம இருந்தா கவலை வேணாம்.

உச்சிப்புளி தம்பி, போட் அண்ணன் சொன்னத அப்படியே கேளுங்க. கட்டி இழுத்துட்டுப் போங்க, ஓட்டாதீங்க.

உச்சிப்புளி டிரைவர்

ஒரு வாரம் கழிச்சு எழுதுறேன், எல்லாரும் மன்னிக்கணும்.

சம்ப் போல்ட்டத் தளர்த்துனதும் மொதல்ல வந்தது பச்சையும் இல்லாம வெள்ளையும் இல்லாம ஒரு தண்ணி, அரை கிளாஸ். அதுக்குப் பின்னாடி கூழு. அந்தக் கிளாஸக் கையில வெச்சுக்கிட்டு நான் கொஞ்ச நேரம் படியில உக்காந்துட்டேன்.

நம்ம மெக்கானிக்கிட்ட இதெல்லாம் சொன்னதும் மொதல்ல மூஞ்சி மாறுச்சு. "ஃபோன்ல படிச்சுட்டு வந்து எனக்குச் சொல்றியா"ன்னாரு. ஆனா பம்ப் எங்கேயோ கேட்டு வாங்கிட்டு வந்தாரு, அந்த மனுசன் அதுல நல்லவரு. ஃபில்டர் கிண்ணத்தக் கழட்டி அழுத்தம் குடுத்து உக்காந்தோம். பதினஞ்சு நிமிசம் ஒண்ணுமில்ல. அவரு என்னப் பாத்தாரு. நான் டீ வாங்கப் போனேன். திரும்பி வரும்போது கிணத்துல ஊத்து எடுத்த மாதிரி, குழியோட ஓரத்துல பச்சையா ஒரு முத்து தெரண்டு, கீழ ஒழுகி, மறுபடி தெரளுது. அவரு ஒண்ணும் பேசல, டார்ச்ச என் கையில குடுத்துட்டு டீய வாங்கிக்கிட்டாரு.

கூலரக் கழட்டி ஒரு வாயை அடைச்சு, இன்னொரு வாயில 2 பார் காத்துக் குடுத்து சுடுதண்ணி வாளியில முக்குனோம். பச்சத் தண்ணியில முக்கும்போது ஒண்ணும் வரல, சூடு பட்டப்புறம்தான் வரிசையா முட்டை விட்டுச்சு. உள்ள தட்டு இடுக்குல வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி காரை. ரப்பர் சீலும் பிளாஸ்டிக் மாதிரி ஆகி ஒடிஞ்சுது.

பழைய ஆயில் ஃபில்டர் காகிதத்த வெட்டி விரிச்சு வெயில்ல காட்டிப் பாத்தோம். பேரிங் தேஞ்சிருந்தா தெரியுற பளபளன்னு தூள் இல்ல. ஆனாலும் மனசு கேக்காம சம்ப்ப எறக்கி ஒரு பேரிங் மூடியக் கழட்டிப் பாத்தாரு. மங்கலா இருக்கு, கீறல் இல்லன்னாரு. அப்படியே மாட்டியாச்சு.

செலவு: கூலர் 6,200, சீல் செட்டு 850, கூலி 3,500. மலிவான ஆயில் ஊத்தி பத்து நிமிசம் ஓட்டி எறக்குனது ஒண்ணு, நல்ல ஆயில் ஒண்ணு, ஃபில்டர் ரெண்டு, கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர் கேனு எல்லாம் சேத்து 19,000 கிட்ட ஆச்சு. ரேடியேட்டர்ல இருந்த எண்ணெயப் போக்குறதுதான் பெரும்பாடு. தெர்மோஸ்டாட்டக் கழட்டி வெச்சுட்டு, நுரை வராத பாத்திரம் கழுவுற மெஷின் பவுடர் கரைச்சு ஊத்தி, ஹீட்டர ஃபுல்லா வெச்சு ஓட்டச் சொன்னாரு. ஆடி மாச உச்சிவெயில்ல கார் ஹீட்டர் போட்டு உக்காந்த ஆளு இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். அஞ்சு தடவ எறக்கி ஏத்துனப்புறம்தான் தண்ணி தெளிஞ்சுது.

மச்சான் ரெண்டு கேன் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி டிக்கியில வெச்சிருக்கான். ஒண்ணும் சொல்லல, வெச்சுட்டுப் போயிட்டான்.

இன்னிக்கு ரெண்டு ட்ரிப் அரிச்சல்முனை, சூட்டோட நிறுத்தி நிறுத்தி எடுத்தாச்சு. கம்பியில நான் பேனாவால போட்ட கோட்டுலயே ஆயில் நிக்குது, டப்பாவும் எறங்கல. ஒரே ஒரு சந்தேகம்: மேல் ஓஸு தொட்டா பிசுபிசுன்னு இருக்கு, கிளிப் பக்கத்துல கொஞ்சம் ஊதுன மாதிரியும் தெரியுது. அமாவாசை முடியட்டும்னு விடலாமா?

கீழக்கரை டீசல்

விடக்கூடாது தம்பி. அந்த ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, ஊறி வலு போயிக் கெடக்கு. மேல் ஓஸு, கீழ் ஓஸு, ஹீட்டர் ஓஸு மூணும் நாளைக்கே மாத்திருங்க. பாம்பன் பாலத்து நடுவுல வெடிச்சா ஓரங்கட்டக்கூட எடம் இருக்காது.

மண்டபம் போட் மெக்கானிக்

ஓஸோட கிளிப்பும் புதுசு வாங்கு. ஸ்டீல்னு கேட்டு வாங்கு, நம்ம காத்துக்கு மத்ததெல்லாம் ஆறு மாசம்தான்.