50 மீட்டர் நேரத்தை வைத்து 100 மீட்டரைக் கணிக்க முடியுமா?

தடகள_அப்பா:
என் மகளுக்கு 13 வயது. ஃப்ரீஸ்டைல் நீந்துகிறாள். 50 மீட்டரில் 31.2 விநாடி, 100 மீட்டரில் 1:10.4. இரண்டும் ஒரே போட்டியில் எடுத்தவை. நான் ஓட்டப்பந்தயத்தில் ஊறியவன். உசேன் போல்ட் 2009இல் பெர்லினில் 100ஐ 9.58இலும் 200ஐ 19.19இலும் ஓடினார். கிட்டத்தட்ட இரண்டே மடங்கு. அந்தக் கணக்கில் இவள் 1:03க்குள் வர வேண்டாமா? எட்டு விநாடி எங்கே போகிறது? தம் பத்தவில்லையா?

நாலாவது_லேன்:
சார், ஓட்டக் கணக்கு இங்கே செல்லாது. ஓட்டத்தில் நின்ற நிலையிலிருந்து வேகம் பிடிக்கவே நேரம் போய்விடும். 200இல் இரண்டாவது நூறை முழு வேகத்தில் தொடங்குவதால் சோர்வு ஈடாகிவிடுகிறது. நீச்சலில் நேர்மாறு. பிளாக்கிலிருந்து, அதாவது தொடக்க மேடையிலிருந்து, பாயும்போதுதான் உச்ச வேகம், தண்ணீருக்குள் போனதும் அது குறைய ஆரம்பிக்கும். அந்தப் பாய்ச்சல் 100இலும் ஒரே ஒரு தடவைதான். திரும்பும்போது சுவரை உதைப்பது அதற்கு ஈடாகாது.

உலகத்தின் சிறந்தவர்களையே பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் கேலப் டிரஸ்ஸல் 50இல் 21.07, 100இல் 47.02. இரண்டு மடங்குக்கு மேல் 4.88 விநாடி. 2024 பாரீஸில் சாரா ஷோஸ்ட்ரோம் 23.71, 52.16. அங்கே 4.74. இரண்டு பேருமே இரண்டிலும் தங்கம் வாங்கியவர்கள்! அவர்களுக்கே ஐந்து விநாடி என்றால், 13 வயதுப் பிள்ளைக்கு அதைவிடக் கூடத்தான் செய்யும். ஆனால் எட்டு கொஞ்சம் அதிகம். முதல் ஐம்பதும் அடுத்த ஐம்பதும் தனித்தனியாக எவ்வளவு?

குளக்கரை:
எந்தக் குளம் என்பதையும் சொல்லுங்கள். 25 மீட்டர் குளத்தில் 100க்கு மூன்று திருப்பம், 50 மீட்டர் குளத்தில் ஒன்றுதான். கைல் சால்மர்ஸ் 2021இல் டோக்கியோவில் நீந்தியது 47.08, அதே ஆண்டு 25 மீட்டர் குளத்தில் 44.84. இரண்டையும் கலந்தால் எந்தக் கணக்கும் நிற்காது.

தடகள_அப்பா:
50 மீட்டர் குளம்தான். முதல் பாதி 32.0, அடுத்தது 38.4.

நாலாவது_லேன்:
அப்படிச் சொல்லுங்கள். தன் முழு 50 நேரத்தைவிட முக்கால் விநாடிதான் மெதுவாகத் திரும்பியிருக்கிறாள். கிட்டத்தட்ட மொத்தத்தையும் முதல் பாதியிலேயே கொட்டிவிட்டாள். பாரீஸில் சீன வீரர் பான் ஜான்லே 100ஐ 46.40இல் நீந்தியபோது 22.28, 24.12 என்று பிரித்தார். இடைவெளி இரண்டு விநாடிகூட இல்லை. இவளுக்கு 6.4.

தம்மைக் குறை சொல்லாதீர்கள். அடுத்த தடவை 70 மீட்டருக்குப் பக்கத்தில் கரையில் நின்று பாருங்கள். கால் உதை அடங்குகிறதா, மூச்செடுக்கத் தலை மேலே தூக்குகிறதா, கை தண்ணீரைப் பிடிக்காமல் முழங்கை கீழே சரிகிறதா? மூன்றும் சேர்ந்துதான் வரும். முதல் பாதியை 33இல் போகச் சொல்லிப் பாருங்கள். பயிற்சியில் 50, பத்து விநாடி ஓய்வு, மறுபடி 50 என்று பந்தய வேகத்தில் பழக்கினால் அந்த இரண்டாவது ஐம்பது உடம்புக்குப் பிடிபடும். சீக்கிரமே 1:08 வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

தடகள_அப்பா:
நன்றி சார். பிரிப்பு நேரம் எடுக்கும்போது கை தொடுவதையா பார்க்க வேண்டும்?

நாலாவது_லேன்:
ஃப்ரீஸ்டைலில் கால் சுவரில் படும்போது. குட்டிக்கரணம் போட்டுத் திரும்புகையில் கை சுவரைத் தொடாது. கடைசியில் மட்டும்தான் கை.