விரிசலின் நீளம் இரண்டு விதமாக வருகிறது: எதை நம்புவது?

நண்பர்களே, 12 மி.மீ. தடிமனுள்ள அலுமினிய மாதிரியில் சோர்வு விரிசலின் (சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வரும் விரிசல்) வளர்ச்சியைச் சோதிக்கிறேன். பக்கவாட்டில் நுண்ணோக்கியால் பார்த்தால் விரிசல் 18.2 மி.மீ.; விரிசலின் வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளக்கும் கிளிப் கேஜ் கருவியின் கணக்கோ 19.1 என்கிறது. ஒரு வாரம் கருவியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் மாதிரியை உடைத்துப் பார்த்தேன். விரிசல் முனை நேராக இல்லை, நடுவில் கட்டைவிரல் நகம் போல முன்னே வளைந்திருக்கிறது.

ஆய்வாளர் எல்பர் 1970-இல் விளக்கிய விரிசல் மூடல் (சுமை முழுதாக இறங்கும் முன்பே விரிசலின் இரு முகங்களும் ஒட்டிக்கொள்வது) மேற்பரப்பில் அதிகம் என்பதால் ஓரம் பின்தங்குகிறது என்று நினைக்கிறேன். ஆனால் ஒவ்வொரு சுமைச் சுழற்சிக்கும் விரிசல் எவ்வளவு வளரும் என்று சொல்லும் பாரிஸ் விதியின் அடுக்கு எண் 4.6 வருகிறது, உலோகங்களுக்குப் பெரும்பாலும் 2 முதல் 4 வரைதானே?

முனையில் ஐந்து இடங்களில் அளந்து சராசரி எடுத்துத் திருத்தினால் போதுமா? சிறும, பெருமச் சுமைகளின் விகிதத்தை 0.1-லிருந்து 0.5-ஆக உயர்த்தினால் மூடலின் பங்கு தனியாகத் தெரியுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். மீதம் இரண்டே மாதிரிகள்தான் இருக்கின்றன.