164 அடிக்குப் பாட்டுப் பட்டியல்: திஸ்ரப் பாட்டுகளைப் பிரிப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. ஓட்டத்தில் வலது கால் 30 விநாடிக்கு 41 தடவை விழுகிறது. அதாவது நிமிடத்துக்கு 164 காலடி. இதே வேகத்தில் தட்டு விழும் பாட்டுகளைத் தொகுக்கிறேன். நிமிடத்துக்கு 82 தட்டு உள்ள பாட்டும் பொருந்தும், ஒரு தட்டுக்கு இரண்டு அடி. 156 உள்ளதை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் 'சேஞ்ச் டெம்போ' போட்டு 5.13% கூட்டினால் சரி (சேஞ்ச் ஸ்பீடு போட்டால் சுருதியும் ஏறிவிடும், குரல் கீச்சென்றாகும்).

சிக்கல் திஸ்ர நடையில்தான் (ஒரு தட்டை மூன்றாகப் பிரிக்கும் தாளநடை). காதுக்கு 110 தட்டு, ஒவ்வொன்றிலும் மூன்று உட்தட்டு, மொத்தம் 330. பாட்டின் தட்டை எண்ணும் மென்பொருள் அதை இரண்டிரண்டாக எண்ணி 165 என்கிறது. ஓடினால் இரண்டாம் அடியே தட்டை விட்டு விலகுகிறது. ஒவ்வொன்றாகக் கேட்காமல் இவற்றை மொத்தமாக வடிகட்ட வழி உண்டா?

இன்னொன்று: மெட்ரோனோம் (சீரான தட்டு ஒலிக்கும் கருவி) இல்லாமல் வாசித்த பழைய பதிவுகள் 160இல் தொடங்கி 166இல் முடிகின்றன. ஒரே சதவீதம் இதற்கு உதவாது. துண்டு துண்டாக வெட்டாமல் சமன்செய்ய முடியுமா?