பேரணாம்பட்டுப் பயிற்சி: நோட்டு யாரிடம் இருக்க வேண்டும்?

ஊர்ப் பக்கம் இறங்கும் யானைகளைப் பற்றிய இந்தப் பேச்சில், யானையை நேரில் பார்த்த அனுபவங்களை நிறையப் பேர் சொல்லிவிட்டீர்கள். நான் சொல்ல வந்தது ஒரு பயிற்சியைப் பற்றி. வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டுப் பக்கம் வனக் காப்பாளர்கள், தொண்டு நிறுவன ஆட்கள் எல்லாரையும் சேர்த்து உட்காரவைத்து நடத்தினார்கள். நானும் போயிருந்தேன்.

முதலில் சட்டப் பாடம். 2006 வன உரிமைச் சட்டத்தின் விதிப்படி கிராம சபைக்கு ஊரில் வயது வந்தவர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். ஜவ்வாது மலையிலிருந்து வந்திருந்த மலையாளிப் பழங்குடி அக்கா ஒருவர் எழுந்து, "பகல்ல கூட்டம் வச்சா நாங்க கொல்லையில இருப்போம் சார். பொழுது சாய்ஞ்சு வைங்க, எல்லாரும் வருவோம்" என்றார். விதியை எழுதி வைப்பதோடு வேலை முடியாது என்பது அங்கிருந்த அதிகாரிகளுக்கும் உறைத்தது.

அப்புறம் மோர்தானா அணைப் பக்கம் போனோம். ஆந்திராவின் கவுண்டின்யா சரணாலயத்திலிருந்து யானைகள் இறங்கும் பகுதி அது. கேவுரு (கேழ்வரகு) போட்டிருந்த பெரியவர் ஒருவர் மண்ணில் இருந்த தடத்தைப் பார்த்தே குட்டியோடு வந்ததா, தனிக் கொம்பனா என்று சொன்னார். எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. எல்லாரும் குறிப்பெடுக்க ஆரம்பித்ததும் அவர், "எழுதினு போயிடுவீங்க. எங்ககிட்ட என்ன இருக்கும்?" என்று கேட்டார்.

பயிற்சியாளர் அப்போதுதான் நமீபியாவைப் பற்றிச் சொன்னார். அங்கே 1996இல் வந்த சட்டம், காட்டு விலங்குகளை நிர்வகித்து அதன் பலனையும் அடையும் உரிமையை ஊர்க் கூட்டமைப்புகளுக்குத் தருகிறது. ஊரே நியமிக்கும் காவலர்கள் எந்த விலங்கு வந்தது, என்ன சேதம் என்று பதிகிறார்கள். பதிவேடு ஊரிலேயே இருக்கிறது, ஆண்டுக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கிறார்கள். நம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த அளவு உரிமை தருவதில்லை. ஆனால் பதிவேட்டை ஊரில் வைத்துக்கொள்ள எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காதே! இழப்பீட்டு மனு போடும்போது தேதியும் சேதமும் ஊர்க்காரர் கையிலேயே இருந்தால் எவ்வளவு பலம்.

அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி அந்தப் பெரியவரிடம் கொடுத்தோம். எழுதத் தெரியாது என்றார், பேத்தி எழுதுகிறாள். அடுத்த பயிற்சியில் தடம் பார்க்கும் பாடத்தை அவரே எடுக்க வேண்டும், மற்றப் பயிற்சியாளர்களுக்கு உள்ள சம்பளம் அவருக்கும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

ஒடுகத்தூர், அமிர்திப் பக்கம் யாராவது இப்படி ஊரிலேயே பதிவேடு வைத்திருந்தால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறோம்.