பாங்காக்கில் அம்மாவுக்கு ஏற்ற இடம் எது?

வணக்கம். ஜனவரியில் அம்மாவோடு பாங்காக் போகிறேன். அவருக்கு முழங்கால் வலி. சுத்த சைவம் வேறு. அரண்மனைக்குக் காலையிலேயே போய்விடுவோம். "இன்று மூடியிருக்கிறது" என்று வழிமறிக்கும் துக்துக் (ஆட்டோ) ஓட்டுநர்களை நம்புவதாக இல்லை. பிறகு தா தியன் துறையில் ஆற்றைக் கடந்து வாட் அருண் புத்தர் கோயில். அதன் செங்குத்துப் படிகளில் நான் மட்டும் ஏறிக்கொள்வேன்.

கவலை படகுதான். மிதவைத் துறையும் ஆடும், படகும் ஆடும். துறையில் கயிற்றைச் சுற்றிய கையோடு படகுக்காரர்கள் "சீக்கிரம்" என்பார்கள். வயதானவர்களோடு போனவர்கள் சொல்லுங்கள், சமாளிக்க முடிந்ததா? தங்குவதற்குச் சீலோம் மாரியம்மன் கோயில் பக்கம் வசதியா, ஆற்றங்கரையா? கீரை வதக்கலில்கூட மீன் சாறு ஊற்றுவார்களாமே! 'ஜே' என்று மஞ்சள் பலகை வைத்த சைவக் கடைகள் அந்தப் பக்கம் உண்டா? கோயிலருகே இட்லி கிடைத்தால் அம்மா என்னை மன்னித்துவிடுவார்.