எடுத்து வைக்கும் குடிநீரில் வாடை வருகிறது, உதவி தேவை

செங்காங் வாசி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் எடுத்து வைக்கும் குடிநீர் மறுநாள் மாலைக்குள் பாசி வாடை அடிக்கத் தொடங்கிவிடுகிறது. பாத்திரத்தைக் கழுவி வைத்தும் பயனில்லை. காரணம் தெரிந்தவர்கள் விரைந்து சொல்லுங்கள்.

பிடோக் அக்கா:
தம்பி, எந்தப் பாத்திரம் என்று நீங்கள் சொல்லவில்லையே. நீர் குழாயிலிருந்து நேரே பிடித்ததா, கொதிக்க வைத்ததா, வடிகட்டியில் வந்ததா? இவை தெரியாமல் யார் எதைச் சொன்னாலும் அது ஊகம்தான்.

மேல்தொட்டி:
நீங்கள் எத்தனையாவது மாடி? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளில் உயரத்தில் இருப்போருக்குப் பெரும்பாலும் கூரைத் தொட்டியில் தேங்கிய நீரே வருகிறது. அந்தத் தொட்டிகளை ஆண்டுதோறும் ஆய்வு செய்து சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் புளோக்கில் அது நடந்ததா என்று நகர மன்றத்திடம் கேளுங்கள். என் கணிப்பில் குறை அங்கேதான் இருக்கிறது.

செப்புக்குடம்:
பிளாஸ்டிக்கை விட்டொழித்துவிட்டு, தேக்காவில் ஒரு செப்புக் குடம் வாங்கி இரவில் நீரை ஊற்றி வையுங்கள். செம்பு கிருமிகளைக் கொல்லும் என்பதை ஆய்வுகளும் காட்டியுள்ளன.

பழைய உறுப்பினர்:
இதே கேள்விக்கு நான் பலமுறை விரிவாக விடை எழுதியிருக்கிறேன். தேடிப் படித்துவிட்டுக் கேட்பதே முறை. சிங்கப்பூர்க் குழாய் நீர் உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு நெறிகளுக்கு உட்பட்டது என்பதால், கொதிக்க வைக்காமலே குடிக்கலாம். பொதுப் பயனீட்டுக் கழகம் நீரில் குளோரமைன் என்ற கிருமிநாசினியை விட்டுவைப்பதே, அது குழாய்களில் நெடுந்தூரம் வரும்போது கிருமி வளராமல் காப்பதற்காகத்தான். இந்த அடிப்படையை அறியாதவர்களே தேவையில்லாமல் காய்ச்சி எரிபொருளை வீணாக்குகிறார்கள்.

ஈசூன் மாமா:
கம்பத்துப் (கிராமத்துப்) பொதுக்குழாயில் வாளி பிடித்த காலத்திலிருந்து எங்கள் வீட்டில் காய்ச்சித்தான் குடிக்கிறோம். வயதானவர்களும் நோயாளிகளும் இருக்கும் வீட்டில் அதை வீண் என்று சொல்வது சரியில்லை.

பழைய உறுப்பினர்:
காய்ச்சுவது தவறென்று நான் சொல்லவில்லை. காய்ச்சிய நீரைப் பலநாள் தேக்கி வைப்பதுதான் தவறு என்கிறேன்.

செங்காங் வாசி:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். 14ஆம் மாடி. கொதிக்க வைத்து ஆறியபின், அடியில் குழாய் வைத்த பிளாஸ்டிக் கலனில் ஊற்றி, சமையலறைச் சன்னலோரம் வைக்கிறோம். நீர் குறையும்போது மேலே புதியதை ஊற்றுவோம். கைக்குழந்தைக்குப் பால்மாவும் அந்த நீரில்தான் கரைக்கிறோம்.

பிடோக் அக்கா:
குழந்தை இருப்பதை முதலில் சொல்லியிருக்கலாமே, தம்பி! இனிமேல் அந்தக் கலனின் நீரில் பால்மாவைக் கரைக்காதீர்கள். பால்மாவு கிருமி நீக்கப்பட்ட பொருள் அன்று. ஆகவே அப்போது கொதிக்க வைத்த நீரை, 70 பாகைக்குக் கீழே ஆறவிடாமல் கலந்து, பிறகு புட்டியைக் குளிர்நீரில் பிடித்து ஆற்றிக் கொடுக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இனி வாடைக்கு வருவோம். கொதித்து ஆறும்போது நீரிலுள்ள குளோரமைன் குறைந்துவிடுவதால், பிறகு கலனில் எந்தக் கிருமி புகுந்தாலும் அதைத் தடுக்கப் போதிய அளவு மிஞ்சுவதில்லை. கரி வடிகட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலைதான். பழைய நீரின் மேல் புதியதை ஊற்றுவதால் கலன் ஒருநாளும் முழுதாகக் காலியாவதில்லை, சன்னல் வெளிச்சம் பாசிக்கும் துணை செய்கிறது. நீங்கள் கழுவியது கலனைத்தான். அதன் குழாயைக் கழற்றிப் பார்த்தீர்களா? வழவழப்பு பெரும்பாலும் அங்கேதான் ஒட்டியிருக்கும்.

கலனையும் குழாயையும் சோப்பிட்டுத் தேய்த்த பின், ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி மணமில்லாத வெளுப்பான் கலந்து உட்புறம் முழுவதும் படும்படி குலுக்குங்கள்; அரை நிமிடமாவது விட்டு, குழாய் வழியாகவும் சிறிது ஓடவிட்டு, நல்ல நீரால் அலசிக் காயவையுங்கள். வெளுப்பானோடு வினிகரை ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு எழும்.

செப்புக்குடம்:
செம்பில் வைத்தால் இந்த வேலையெல்லாம் மிச்சமாகுமே.

பழைய உறுப்பினர்:
மிச்சமாகாது. செப்புக் குடத்தையும் கழுவத்தான் வேண்டும். எலுமிச்சை பிழிந்த நீரை அதில் வைத்தால் செம்பு கரைந்து இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்பதே அதன் வரம்பு. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு அதைப் பரிந்துரைப்பது பொறுப்பான செயல் அன்று.

மேல்தொட்டி:
14ஆம் மாடி என்கிறாரே, தொட்டியை ஏன் எல்லாரும் மறந்துவிட்டீர்கள்? குழாயிலிருந்து நேரே ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து மூடி, கலனுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். அதிலும் வாடை வந்தால் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்குத் தெரிவியுங்கள்.

பிடோக் அக்கா:
இது நல்ல சோதனை. அவசியம் செய்யுங்கள்.

செங்காங் வாசி:
குழாயைத் திருகிக் கழற்றினேன். ரப்பர் வளையத்தின் அடியில் இளஞ்சிவப்பாக ஒரு பசை விரல்நுனியில் வழுக்கியது. குவளை நீரில் வாடை இல்லை. குழந்தைக்கு இப்போது மின்கெண்டியிலிருந்தே எடுக்கிறோம். நன்றி.

பிடோக் அக்கா:
ஈரமான இடத்தில் படியும் அந்த நிறத்துக்குப் பெரும்பாலும் செரேஷியா என்ற நுண்ணுயிரியே காரணம். உடல்நலம் உள்ளவர்களை அது அவ்வளவாகப் பாதிக்காது. குழந்தைகள், நோயாளிகள் விஷயத்தில் கவனம் வேண்டும். அந்த வளையத்தைத் தேய்த்துப் பயன்படுத்தாமல் புதிதாக மாற்றிவிடுங்கள், கலனையும் சன்னலிலிருந்து நகர்த்துங்கள். குழந்தைக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) உடனே அழைத்துப் போங்கள். அப்படி ஏதும் இருந்ததா, தம்பி?